புதிய அரசு மருத்துவக் கல்லூரியா, பெயரெடுத்த தனியாரா, வெளிநாடா?

எம்.பி.பி.எஸ். கலந்தாய்வு தொடங்கிவிட்டால் தமிழ்நாட்டில் பல வீடுகளில் இதே பேச்சுதான். சென்னை மருத்துவக் கல்லூரி, ஸ்டான்லி, மதுரை, நெல்லை கிடைக்கிற மதிப்பெண் என்றால் யோசிக்கவே வேண்டாம், போய்ச் சேர்ந்துவிடலாம். அதற்குக் கொஞ்சம் கீழே நிற்கிற பிள்ளைகளுக்குத்தான் குழப்பம். என் மகளும் அங்கேதான் நின்றாள். 2022 ஜனவரியில் ஒரே நாளில் பதினோரு புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளைத் திறந்தார்களே, அவற்றில் ஒன்று கிடைக்கும் என்ற நிலை. அதை விட்டால், பல வருடமாக நடக்கிற ஒரு சுயநிதிக் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடம். மூன்றாவதாக வெளிநாடு. உறவுக்காரர்களில் பாதிப்பேர் தனியாருக்குக் கைகாட்டினார்கள். "புதுக் காலேஜ், கட்டடத்துக்கு இன்னும் பெயிண்ட் கூடக் காயவில்லை, அங்கே யார் சொல்லித்தருவார்கள்?" என்பது அவர்கள் கேள்வி.

நாங்கள் எடுத்தது புதிய அரசுக் கல்லூரியை. அவள் இப்போது வார்டு போஸ்டிங் போகிற கட்டத்தில் இருக்கிறாள். நான் வேறொரு ஊரில், பழைய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் செவிலியர். வருடாவருடம் ஹவுஸ் சர்ஜன்கள் (படிப்பு முடித்து ஒரு வருடப் பயிற்சிக்கு வருகிற இளம் மருத்துவர்கள்) வருவதையும் போவதையும் பார்த்துக்கொண்டிருக்கிறவள். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

செலவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அரசுக் கல்லூரியில் கல்விக் கட்டணம் ஆண்டுக்கு 20,000 ரூபாய்க்குள் முடிந்துவிடும். சுயநிதிக் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கே ஆண்டுக்கு நான்கு லட்சத்துக்கு மேல், விடுதி, பேருந்து, அது இது என்று தனி. நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்றால் பல இடங்களில் ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டும். வெளிநாட்டுக்கு ஊரைப் பொறுத்து மொத்தமாக 20 லட்சம் முதல் 40 லட்சம் வரை சொல்கிறார்கள். அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் வருகிற பிள்ளைகளுக்குத் தனியார் கல்லூரி என்றாலும் கட்டணத்தை அரசே கட்டுகிறது. அவர்கள் பணக் கவலையை ஒதுக்கிவைத்துவிட்டு, எங்கே நல்ல படிப்பு என்பதை மட்டும் பார்க்கலாம். கடன் வாங்கியாவது சேர்த்துவிடத் துணிகிற பெற்றோரும் கடைசியில் கேட்க வேண்டியது அந்தக் கேள்வியைத்தான்.

நல்ல படிப்பு என்பதை எதை வைத்து அளப்பது? கட்டடம், ஏசி வகுப்பறை, நூலகம், ஸ்மார்ட் போர்டு எல்லாம் கண்ணுக்குத் தெரிவதால் பெற்றோர் அதைப் பார்க்கிறார்கள். தேர்ச்சி சதவீதம் பார்க்கிறார்கள். நான் பார்க்கச் சொல்வது ஒன்றே ஒன்று. கல்லூரி முதலில் வந்ததா, ஆஸ்பத்திரி முதலில் வந்ததா?

சென்னை அரசுப் பொது மருத்துவமனை 1664ல் தொடங்கியது. அதோடு சேர்ந்த மருத்துவப் பள்ளி 1835ல்தான் வந்தது. ஸ்டான்லிக்குப் பழைய பெயர் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி. பஞ்ச காலத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றிய சத்திரத்திலிருந்து வளர்ந்த இடம். அது மருத்துவக் கல்லூரியானது 1938ல். மதுரையில் எர்ஸ்கின் ஆஸ்பத்திரி நன்றாக நிலைபெற்ற பிறகு 1954ல் கல்லூரி வந்தது. வேலூர் சி.எம்.சி. தனியார்தான். ஆனால் அங்கேயும் ஐடா ஸ்கடர் 1900ல் மருந்தகம் தொடங்கி, பிறகு மருத்துவமனை கட்டி, 1918ல்தான் மருத்துவப் பள்ளி ஆரம்பித்தார். இந்த இடங்களிலெல்லாம் முதலில் நோயாளி வந்தார், வைத்தியம் நடந்தது, அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ள மாணவர்கள் பிறகு வந்தார்கள்.

2022ல் திறந்த பதினொன்றும் இந்த வரிசையில்தான் வருகின்றன. விருதுநகர், ராமநாதபுரம், திண்டுக்கல், நாமக்கல், திருப்பூர், நாகப்பட்டினம், அரியலூர், கள்ளக்குறிச்சி, கிருஷ்ணகிரி, திருவள்ளூர், நீலகிரி. ஏற்கெனவே இருக்கிற மாவட்டத் தலைமை மருத்துவமனையோடு கல்லூரியைச் சேர்ப்பதுதான் மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து போட்ட திட்டமே. அதனால் கல்லூரிதான் புதிது, ஆஸ்பத்திரி பழையது. அந்த மாவட்டத்துச் சனம் தலைமுறை தலைமுறையாகப் பிரசவத்துக்கும் பாம்புக்கடிக்கும் விபத்துக்கும் ஓடிவந்த இடம். பெயிண்ட் காயாத கட்டடத்தைப் பார்த்தவர்கள் இதைக் கவனிக்கவில்லை.

தனியாரில் பெரும்பாலும் இது தலைகீழ். கல்லூரி நடத்த அனுமதி வேண்டும், அனுமதிக்கு மருத்துவமனை வேண்டும், அதனால் மருத்துவமனை கட்டுகிறார்கள். தேசிய மருத்துவ ஆணையத்தின் விதிப்படி 100 மாணவர்களைச் சேர்க்கும் கல்லூரிக்கு 400க்கு மேலும், 150 பேரைச் சேர்க்கும் கல்லூரிக்கு 600க்கு மேலும் படுக்கைகள் வேண்டும். கட்டில் வாங்கிப் போட்டுவிடலாம். நெடுஞ்சாலை ஓரத்தில் ஊருக்கு வெளியே இருக்கிற இடத்துக்கு அத்தனை நோயாளிகள் எங்கிருந்து வருவார்கள்? சில கல்லூரிகள் நல்ல முறையிலேயே முயற்சி செய்கின்றன. சுற்றுவட்டக் கிராமங்களுக்கு இலவசப் பேருந்து விட்டு, கண் முகாம் நடத்தி, வார்டில் இலவசமாகச் சேர்த்துக்கொள்கிறார்கள். அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன், அந்தக் கிராமத்தாருக்கு அது உதவிதான். எல்லா இடத்திலும் அப்படி நடப்பதில்லை. ஆய்வு நாளன்று ஆளைக் கூட்டிவந்து படுக்கவைத்தது, பணியில் இல்லாத பேராசிரியர்களைக் கணக்கில் காட்டியது என்று பல மாநிலங்களில் உள்ள கல்லூரிகள் தொடர்பாக 2025ல் சி.பி.ஐ. வழக்கே பதிவு செய்திருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. நோயாளி இருந்தால் மட்டும் போதாது, மாணவனைத் தொட விட வேண்டும். காசு கொடுத்து அறை எடுத்திருக்கிறவர் "படிக்கிற பையன் ஊசி போட வேண்டாம்" என்று சொன்னால் நிர்வாகம் என்ன செய்யும்? அவர் கேட்பதும் நியாயம்தான். அதனால் பல தனியார் இடங்களில் மாணவர்கள் சுற்றி நின்று பார்க்கிறார்கள், கை வைப்பது குறைவு.

கை வைப்பது ஏன் அவ்வளவு முக்கியம்? வார்டில் தினமும் பார்ப்பதைச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் பூச்சிமருந்து குடித்து வருகிற கேஸ்கள் அதிகம். வாயில் நுரை, உடம்பெல்லாம் வியர்வை, மருந்து வாடை, கண்பாவை குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கியிருக்கும். அதற்கு மாற்றுமருந்தான அட்ரோபின் கொடுக்க ஆரம்பித்தால் சில நிமிடத்துக்கு ஒருமுறை கண்ணைப் பார்க்க வேண்டும், நாடியைப் பார்க்க வேண்டும், நெஞ்சில் ஸ்டெத்தை வைத்து ஈரச் சத்தம் குறைகிறதா என்று கேட்க வேண்டும். குறையவில்லையென்றால் அளவை இரட்டிப்பாக்க வேண்டும். போதும் என்று நிறுத்துகிற இடம் எது என்பது புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் இரவு இரண்டு மணிக்கு, வெளியே அந்தப் பையனின் அம்மா கதறிக்கொண்டிருக்கும்போது, அந்த இடத்தைக் கண்டுபிடிக்க முன்பே பத்து நெஞ்சைக் கேட்டிருக்க வேண்டும். மூன்றாம் வருடத்திலிருந்தே வார்டில் வளர்ந்த பிள்ளை, ஹவுஸ் சர்ஜனாக வரும்போது ஸ்டெத்தை வைத்துவிட்டு, "சிஸ்டர், இன்னும் ஈரமாத்தான் இருக்கு, அடுத்த டோஸ் ஏத்துங்க" என்று தயங்காமல் சொல்கிறது. படிப்பில் அதைவிடக் கெட்டிக்காரப் பிள்ளை, வேறு இடத்தில் படித்துவிட்டு வந்தது, பிஜி (மேற்படிப்பு படிக்கிற மருத்துவர்) வரட்டும் என்று காத்து நிற்கிறது. அறிவில் குறை இல்லை. அந்தச் சத்தத்தை அது அதிகம் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

என் மகள் முதல்முறை கர்ப்பிணியின் வயிற்றில் கைவைத்துக் குழந்தையின் முதுகு எந்தப் பக்கம் என்று கண்டுபிடித்த அன்று எனக்குப் போன் செய்தாள். ஒரு பக்கம் பலகை மாதிரி ஒரே சீராக இருந்ததாம், மறுபக்கம் சின்னச் சின்ன முண்டாகக் கை கால். அதற்கு முன் பொம்மையில் செய்திருக்கிறாள். ஆனால் உயிருள்ள வயிற்றில், கைக்குக் கீழே குழந்தை நகர்ந்தபோதுதான் தனக்குப் புரிந்தது என்றாள். அதே வாரத்தில் அவர்கள் யூனிட்டில் வேறு சில தாய்மார்களையும் பரிசோதிக்க விட்டார்கள். அந்த ஊரில் அதற்குப் பஞ்சமில்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் மாணவர்கள் கற்றுக்கொள்வது ஏழைகளின் உடம்பில். "இன்னும் எத்தனை பேருடா வயித்த அமுக்குவீங்க?" என்று ஒரு பாட்டி கேட்டால் அது அவர் உரிமை. திரை இழுத்துவிடுவது, "அம்மா, பார்க்கலாமா?" என்று கேட்டுவிட்டுத் தொடுவது, வலிக்கிறது என்றால் கையை எடுப்பது, பரிசோதித்த பிறகு துணியைச் சரியாக மூடிவிட்டுப் போவது. இதையெல்லாம் சொல்லித்தருகிற யூனிட் இருக்கிறது, சொல்லித்தராத யூனிட்டும் இருக்கிறது. 2019ல் வந்த புதிய பாடத்திட்டத்தில் நோயாளியிடம் பேசுவதும் நடந்துகொள்வதும் பாடமாகவே சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆனால் அது வகுப்பில் சொல்லி வருவதில்லை, ரவுண்ட்ஸ் போகிற சீஃப் நோயாளியை எப்படிக் கூப்பிடுகிறார் என்பதைப் பார்த்துத்தான் வருகிறது. இதில் சில தனியார் கல்லூரிகள் அரசைவிட மேல். நோயாளியைப் பேர் சொல்லி மரியாதையாக அழைக்கும் பழக்கம் அங்கே அதிகம்.

சரி, புதிய கல்லூரியில் என்ன குறை? இருக்கிறது, கொஞ்சநஞ்சம் அல்ல. முதல் குறை ஆசிரியர்கள். 2025ல் தமிழ்நாட்டின் 36 அரசு மருத்துவக் கல்லூரிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஆசிரியர் பற்றாக்குறை, வருகைப்பதிவு பற்றி விளக்கம் கேட்டு தேசிய மருத்துவ ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. பழைய கல்லூரிகளுக்கே அந்த நிலை என்றால் புதிதில் எப்படி இருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். பேராசிரியர்கள் மாற்றலில் வருவார்கள், பெரிய ஊருக்கு மாற்றல் கிடைத்ததும் போய்விடுவார்கள். முதலாண்டில் அனாட்டமி, பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி வகுப்புகளில் மகளுக்கு இது உறைத்தது. அந்தப் பாடங்களைப் பொறுத்தவரை, நல்ல தனியார் கல்லூரி முன்னால் நிற்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன். அங்கே ஆசிரியர்கள் நிலையாக இருக்கிறார்கள், மாதிரிகள் ஒழுங்காக இருக்கின்றன, தேர்வுகள் தவறாமல் வைக்கிறார்கள். என் மகள் அந்த வருடத்தைப் பெரும்பாலும் யூடியூபையும் தோழிகளையும் வைத்துத்தான் தாண்டினாள். இரண்டாவது பேட்ச் என்பதால் கேட்பதற்குச் சீனியர்களும் ஒரே ஒரு செட்தான்.

இரண்டாவது, பிஜி மாணவர்கள் குறைவு. பெரிய கல்லூரிகளில் எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்கு ராத்திரி உட்கார்ந்து கேஸ் எடுக்கச் சொல்லித்தருவது பிஜிக்கள்தான். அது இங்கே கிடைக்காது. ஆனால் இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. பிஜி கூட்டம் இருக்கிற இடத்தில் தையல் போடுவதும் பிரசவம் பார்ப்பதும் அவர்களுக்கே போய்விடும், எம்.பி.பி.எஸ். பிள்ளைகள் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பார்கள். புதிய கல்லூரியில் உதவிப் பேராசிரியருக்கும் மாணவருக்கும் நடுவில் ஆளே இல்லை. "நீ வாம்மா, இந்த நரம்பைப் பிடி" என்று நேரே கூப்பிடுகிறார்கள்.

மூன்றாவது குறை எனக்குக் கொஞ்சம் கவலை தருவது. நெஞ்சறுவை, மூளை அறுவை மாதிரி உயர்சிறப்புப் பிரிவுகள் மாவட்டக் கல்லூரிகளில் முழுமையாக இல்லை. தலையில் பலத்த அடியோடு வருகிறவரை நிலைப்படுத்தி ஆம்புலன்சில் மதுரைக்கோ சென்னைக்கோ அனுப்பிவிடுகிறார்கள். முதல் மணிநேரத்தை மாணவர் பார்க்கிறார், அதற்குப் பிறகு நடப்பதைப் பார்ப்பதில்லை. முதல்நிலை மருத்துவராகப் போகிறவருக்கு அந்த முதல் மணிநேரம்தான் தேவை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனாலும் முழு வட்டத்தைப் பார்ப்பது நல்லதுதான். சில ஊர்களில் புதிய வளாகத்தை ஊருக்கு வெளியே கட்டியதால் நோயாளிக் கூட்டம் பழைய இடம், புதிய இடம் என்று பிரிந்துவிடுவதும் உண்டு. சேருவதற்கு முன் இதை விசாரியுங்கள்.

வெளிநாட்டைப் பற்றி எனக்கு நேரடி அனுபவம் இல்லை. அங்கே படித்துவிட்டு எங்கள் மருத்துவமனைக்கு இன்டர்ன்ஷிப் வந்த பிள்ளைகளோடு வேலை செய்திருக்கிறேன், அவ்வளவே. அவர்கள் சொன்னதில் எல்லோரிடமும் பொதுவாக இருந்தது மொழிப் பிரச்சினை. பாடம் ஆங்கிலத்தில் நடக்கும். வார்டில் படுத்திருக்கிற ஜார்ஜியப் பாட்டியோ ரஷ்யத் தாத்தாவோ ஆங்கிலம் பேச மாட்டார். "எத்தனை நாளா இருமல்? ராத்திரியில் அதிகமா? சளியில் ரத்தம் வருதா?" என்று கேட்டுக் கேட்டுத்தான் வியாதியைக் கண்டுபிடிக்கிறோம். கேட்க முடியாத இடத்தில் என்ன கிளினிக்ஸ், என்ன வார்டுப் பயிற்சி? இதோடு ஊர் திரும்பியதும், வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கே மருத்துவம் பார்க்கத் தேற வேண்டிய எஃப்.எம்.ஜி.இ. தேர்வு. 300க்கு 150 எடுத்தால் போதும், ஆனால் 2024 ஜூன் தேர்வில் ஐந்தில் ஒருவர் அளவுக்குத்தான் தேறினார்கள். 2021ல் வந்த விதிப்படி குறைந்தது 54 மாதப் படிப்பு, அங்கேயே ஒரு வருட இன்டர்ன்ஷிப், இங்கே வந்து இன்னொரு வருடம், எல்லாம் பத்து வருடத்துக்குள் முடிய வேண்டும். 2022ல் உக்ரைனில் போர் வந்தபோது படிப்பை நடுவில் விட்டுவிட்டு ஓடிவந்த பிள்ளைகளின் பெற்றோர் பட்ட பாட்டை நாம் எல்லோரும் பார்த்தோம். இத்தனையையும் தாண்டி வருகிற பிள்ளைகளிடம் எனக்குத் தனி மரியாதை உண்டு. எங்கள் வார்டில் அப்படி வந்த ஒரு தம்பி, ஆரம்பத்தில் வென்ஃப்ளான் (மருந்து ஏற்ற நரம்பில் செருகும் ஊசிக்குழாய்) போடக் கை நடுங்கியவர், டூட்டி முடிந்த பிறகும் கேஸ்வால்டியில் நின்று கற்றுக்கொண்டார். வருடக் கடைசியில் குழந்தைகளுக்கு நரம்பு கிடைக்கவில்லையென்றால் அவரைத்தான் கூப்பிடுவோம். ஆனால் ஐந்து வருடத்தில் வர வேண்டியதை ஒரே வருடத்தில் அவர் சம்பாதிக்க வேண்டியிருந்தது.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்குமுன் என்ன செய்யலாம்? விளம்பரக் கையேட்டை வைத்துவிட்டு, முன்கூட்டிச் சொல்லாமல் ஒரு சாதாரண வேலைநாளில் காலை பத்து மணிக்கு அந்த மருத்துவமனைக்குப் போங்கள். ஓ.பி. சீட்டு வாங்குகிற வரிசையைப் பாருங்கள். மருந்து வாங்கும் இடத்தில் கூட்டம் இருக்கிறதா பாருங்கள். மெடிசின் வார்டு வராந்தாவில் கூடத் துணைக்கு வந்தவர்கள் உட்கார்ந்திருக்கிறார்களா, சாப்பாட்டுத் தூக்கு வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். உண்மையான நோயாளிக்குத் துணையாள் இருப்பார். பிறகு முடிந்தால் இரவு எட்டு மணிக்குக் கேஸ்வால்டி வாசலில் கொஞ்ச நேரம் நில்லுங்கள், ஆம்புலன்ஸ் வருகிறதா என்று. டீக்கடையில் இறுதியாண்டு மாணவர்கள் நிற்பார்கள். அவர்களிடம் ரிசல்ட்டைக் கேட்க வேண்டாம். "நீங்களே எத்தனை பிரசவம் பார்த்தீங்க? தையல் போட விடுறாங்களா? லாக்புக்கில் உண்மையாகப் பார்த்த கேஸை எழுதுறீங்களா, பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுறீங்களா?" என்று கேளுங்கள். பிள்ளைகள் மறைக்காமல் சொல்வார்கள்.

இதே சோதனையில் தேறுகிற தனியார் கல்லூரிகளும் இருக்கின்றன. வேலூர் சி.எம்.சி.யைச் சொல்ல வேண்டியதே இல்லை, கோவை பி.எஸ்.ஜி.யும் அப்படித்தான். அங்கே இடம் கிடைத்து, வீட்டில் பணமும் தாங்கும் என்றால் புதிய அரசுக் கல்லூரியைவிட அதையே எடுங்கள் என்றுதான் சொல்வேன். எங்களுக்குக் கிடைக்க இருந்த தனியார் கல்லூரியில் அந்தக் காலைப் பத்து மணி வரிசை இல்லை. கட்டடம் பளபளவென்று இருந்தது, மெடிசின் வார்டில் பாதிக் கட்டில் விரிப்புக் கலையாமல் கிடந்தது. அங்கேயே முடிவு செய்துவிட்டோம்.

பிஜி இடம் பிடிக்கும் விஷயத்தில் எந்தக் கல்லூரி உதவும் என்று உறுதியாகச் சொல்ல எனக்கு அனுபவம் போதாது. நீட் பிஜி முழுக்க எம்.சி.க்யூ. (கொடுத்திருக்கிற விடைகளில் சரியானதைத் தேர்ந்தெடுக்கும்) தேர்வு, அதற்கு வார்டு அனுபவத்தைவிட உட்கார்ந்து படிக்கும் நேரம்தான் உதவுகிறது என்று எங்கள் மருத்துவர்களே சொல்கிறார்கள். அந்த வகையில் டூட்டி குறைவாக இருக்கும் தனியார் கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஒரு சாதகம் இருக்கலாம். மறுபக்கம், அரசுப் பணியில் சேர்ந்துவிட்டால் மாநில பிஜி இடங்களில் 50 சதவீதம் பணியில் உள்ள மருத்துவர்களுக்கு உண்டு. அது எங்கே எம்.பி.பி.எஸ். படித்தவருக்கும் பொது. எங்கள் வீட்டில் இதைப் பற்றி இன்னும் பேசி முடிக்கவில்லை.

கலந்தாய்வில் சாய்ஸ் நிரப்பும்போது நான் இன்று போடுகிற வரிசை இதுதான். முதலில் பழைய அரசுக் கல்லூரிகள், தூரம் பார்க்காமல் எல்லாமே. அதோடு சி.எம்.சி., பி.எஸ்.ஜி. மாதிரி நோயாளிக் கூட்டம் உள்ள தனியார் ஒன்றிரண்டு. அடுத்து 2022ல் வந்தவற்றில், ஊருக்குள்ளேயே பழைய ஆஸ்பத்திரி இயங்குகிற இடங்கள். அதற்கும் கீழேதான் மற்ற சுயநிதிக் கல்லூரிகள், அதுவும் நேரில் போய்ப் பார்த்த பிறகு. வெளிநாட்டை இந்த வருடம் போடாமல், இன்னொரு முறை நீட் எழுத பிள்ளைக்குத் தெம்பு இருக்கிறதா என்று முதலில் அதனிடமே கேளுங்கள்.